விசா, காசு இரண்டையும் மறந்துவிட்டுச் சொல்லுங்கள்: உலகத்தில் எந்த ஊரில் குடியிருப்பீர்கள்?

உப்புவெளி ரிசப்ஷன்:

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையோரம் ஒரு சின்ன ஹோட்டலில் எனக்கு வேலை. கோடை தொடங்கினால் வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்குவார்கள். அறைச் சாவியைக் கொடுக்கும்போது முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "இங்கேயே பிறந்து இங்கேயே இருக்கிறீர்களா? கொடுத்து வைத்தவர்." நானும் சிரித்துக்கொண்டே துவாயை நீட்டுவேன். அண்மையில் வந்த ஒரு வயதான டச்சுக்கார அம்மா மட்டும் வேறு மாதிரி. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் நீ எங்கே இருப்பாய் என்று கேட்டார். யோசிக்காமல் கனடா என்றேன். ஏன் என்றார். சித்தப்பா இருக்கிறார் என்றேன். "அது உன் சித்தப்பாவின் ஊர். உன்னுடையது எது?" என்றார். அதற்குள் அடுத்த ஆட்கள் ஓட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள், நான் தப்பித்தேன்.

அதற்குப் பிறகு யோசித்துப் பார்க்கிறேன். வெளிநாடு என்றாலே எங்கள் மூளை ஏஜென்சி, ஐஈஎல்டிஎஸ், ஸ்பொன்சர் என்றுதான் ஓடுகிறது. ஆசை என்று ஒன்று அதில் எங்கேயும் இல்லை. ஆகவே ஒரு விளையாட்டு. விசா கிடைத்துவிட்டது, காசு இருக்கிறது, அந்த ஊர் மொழி வாயில் வருகிறது, அளவான ஒரு வேலையும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டைச் சொல்லக் கூடாது, ஊரைச் சொல்ல வேண்டும். "பிள்ளைகளின் படிப்பு", "அண்ணா அங்கே இருக்கிறார்" என்ற இரண்டு காரணங்களும் செல்லாது. தொடங்குங்கள்.

நிலாவெளி மச்சான்:

தம்பி, 2022இல் பாஸ்போட்டுக்காக இரவிரவாக ரோட்டில் வரிசையில் படுத்த சனம் நாங்கள். விசாவை மறந்துவிட்டு யோசி என்றால் எப்படி யோசிப்பது? எனக்குக் கனவில் சுவிஸ் மலை வந்தால் அதன் அடிவாரத்தில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்.

கச்சான் காத்தான்:

மச்சான் சுவிஸ் என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்கு லூசேர்ன். ஏரி, மரப்பாலம், பின்னால் பனிமலை. காரணம் ஒன்றே ஒன்று: கச்சான் காற்று.

திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் மோட்டார்சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மேலே தகரம். ஜூன் மாதம் மத்தியானம் வெயிலில் கிடந்த ஸ்பானரைத் தூக்கினால் கை பொசுங்கும். அதோடு அந்தக் காற்று. வாய், கண், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் மண். இரவிலும் சுவர் சூடு விடாது. வெள்ளைக்காரன் அந்த மாதங்களைத்தான் "சீசன்" என்று சொல்லிக் காசு கட்டி வருகிறான். அவன் கடலுக்குள் கிடப்பான், நான் தகரத்துக்குக் கீழே கிடப்பேன். எனக்கு வருடம் முழுக்கக் காற்றே இல்லாத, குளிரான ஊர் வேண்டும்.

ஆல்ப்ஸ் அடிவாரம்:

காத்தான் அண்ணை, உங்கள் ஆசையில் மண் போடுவதற்கு மன்னியுங்கள். நான் பாலையூற்றில் பிறந்து இங்கே நெடுங்காலமாக இருப்பவள். சுவிஸிலும் கச்சான் இருக்கிறது. அந்தக் காற்றை ஃபோன் (Föhn) என்பார்கள். தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறி, அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து சூடாக இறங்கும். அது அடிக்கும் நாட்களில் பாதிப் பேர் தலையிடி என்று வேலைக்கு வராமல் நிற்பார்கள். உங்கள் லூசேர்ன் ஏரியின் தெற்கு முனையில் ஊரி மாநிலம். அங்கே ஃபோன் அடித்தால் படகை வெளியே எடுக்க யோசிப்பார்கள்.

கிளாருஸ் என்று ஒரு சின்ன நகரம். 1861 மே மாதம் ஃபோன் காற்று அடித்த ஒரு இரவில் தீப்பிடித்து ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. அந்தக் காற்று அடிக்கும் இரவுகளில் நெருப்புக் காவலுக்கு ஆள் போட்ட கிராமங்கள் இந்தப் பள்ளத்தாக்குகளில் இருந்தன. வெளியில் சுருட்டுப் பற்றவும் தடை.

கச்சான் காத்தான்:

அப்போ நான் காசு கட்டிக் கச்சானிடமே போய் இறங்க இருந்தேனா?

புவியியல் டீச்சர்:

இளைப்பாறிய ஆசிரியை. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் கச்சானும் அதே விதம்தான். தென்மேற்குப் பருவக்காற்று இரத்தினபுரி, வட்டவளைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மத்திய மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்குவதால் சூடாகிறது. அங்கே வெள்ளம், இங்கே புழுதி, இரண்டும் ஒரே மாதத்தில்.

காத்தானுக்கு உண்மையில் தேவை வடக்கே போவது அல்ல, மேலே போவது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உயரமாக ஓர் ஊரைப் பிடித்தால் மாரியும் இல்லை, கொடும் கோடையும் இல்லை. எங்கள் நுவரெலியா 1868 மீற்றர். ஈக்குவடோரின் கீற்றோ 2850 மீற்றர், அங்கே பகலில் மெல்லிய ஸ்வெட்டர் போதும், ஆனால் மூச்சு வாங்கும். கொலம்பியாவின் மெடலின் 1500 மீற்றர் அளவில். அதை நித்திய வசந்த நகரம் என்று சொல்கிறார்கள். மலைச்சரிவில் இருக்கும் ஏழைக் குடியிருப்புகளுக்கு 2004இல் கேபிள்கார் போட்டார்கள். பஸ் டிக்கெட் மாதிரி டிக்கெட் எடுத்துச் சனம் வேலைக்குப் போய் வருகிறது. ஒன்றை மறைக்கக் கூடாது: 1990களின் தொடக்கத்தில் போதைப்பொருள் கும்பல்களால் உலகிலேயே கொலை மலிந்த நகரங்களில் அதுவும் ஒன்று.

கச்சான் காத்தான்:

டீச்சர், 1990களின் தொடக்கத்தில் நாங்கள் எங்கே இருந்தோம்? மெடலின் எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார்சைக்கிள் ஓடும் ஊரா?

புவியியல் டீச்சர்:

நிறையவே ஓடும். கடை போடலாம்.

மான்குட்டி:

நான் இங்கே கம்பஸில் படிக்கிறேன். கோட்டைக்குள் திரியும் மான்களைப் பார்த்து வைத்த பெயர், சிரிக்க வேண்டாம்.

எனக்கு ஸ்பெயினில் பொன்தேவெத்ரா. யாருக்கும் தெரிந்திருக்காது. போர்த்துக்கலுக்கு மேலே, அத்திலாந்திக் கடல் உள்ளே புகுந்து வரும் இடத்தில் 80,000 பேர் அளவில் உள்ள நகரம். 1999இல் வந்த மேயர் நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து கார்களை வெளியேற்றிவிட்டார். இப்போது அங்கே சனம் நடக்கிறது. சுரங்க ரயில் வரைபடம் மாதிரியே ஒரு வரைபடம் அடித்துக் கொடுக்கிறார்கள், ஆனால் அதில் ரயில் இல்லை. இந்தச் சதுக்கத்திலிருந்து அந்தச் சந்தைக்கு நடந்தால் எத்தனை நிமிடம் என்று கோடு போட்டுக் காட்டியிருக்கும்.

இன்னொரு காரணம், ஸ்பெயின் தன் நாட்டுக்குப் பொருந்தாத நேரத்தைக் கடிகாரத்தில் வைத்திருக்கிறது. அதனால் அந்த மேற்கு மூலையில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டும். கிழவிகள், கைக்குழந்தைகள், பெட்டைகள் எல்லாரும் அந்த வெளிச்சத்தில் தெருவில் நிற்பார்கள்.

எனக்குத் தனியாக, எங்கே போகிறாய் என்று யாரும் கேட்காமல், இரவு ஒன்பது மணிக்கு நடக்க வேண்டும். ஐஸ்கிறீம் வாங்கப் போகிறேன் என்று பொய்கூடச் சொல்லத் தேவையில்லாமல்.

நிலாவெளி மச்சான்:

தங்கச்சி, டச் பே கடற்கரையில் இரவு எட்டு மணிக்கும் குடும்பம் குடும்பமாகச் சனம் இருக்குதே. எங்கள் ஊர் பாதுகாப்பான ஊர்.

மான்குட்டி:

குடும்பம் குடும்பமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. தனியாக ஒரு பெட்டை அந்த மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது வந்து "என்ன தங்கச்சி, பிரச்சினையா" என்று கேட்பார். நல்ல மனத்தோடுதான் கேட்பார். அடுத்த நாள் அம்மாவுக்கு போன் வரும்.

ஆல்ப்ஸ் அடிவாரம்:

நூறு வீதம் சரி பிள்ளை. நான் இங்கே வந்த புதிதில் எனக்குப் பிடித்தது மலையுமில்லை, சொக்லேட்டுமில்லை. டிராமில் பக்கத்தில் இருப்பவருக்கு என் அப்பாவைத் தெரியாது என்பதுதான். இப்போது சில வருடங்களாக அதுவே பிடிக்காமலும் இருக்கிறது. அது வேறு கதை.

ஸ்காபரோ மாமி:

எல்லாரும் வாசித்துக்கொண்டு வருகிறேன். விளையாட்டின் விதி எனக்குப் பிடிக்கவில்லை. சொந்தம் இல்லாமல் ஊர் ஏது? பேரப்பிள்ளை இருக்கும் இடம்தான் ஊர்.

சரி, விதிப்படியே சொல்கிறேன். எனக்குத் திருகோணமலை, ஆனால் மாசி தொடக்கம் சித்திரை வரைக்கும் மட்டும். வாடைமழை விட்டு, கச்சான் தொடங்காத காலம். கடல் அசையாமல் கிடக்கும். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருவார், வாசலில் கும்பம் வைத்துக் காத்திருக்கலாம். சூடை மீன் மலிந்திருக்கும். மிச்ச மாதங்களுக்கு என்னை இங்கே கனடாவுக்குக் கொண்டு வந்து விட்டுவிடுங்கள். முழங்கால் ஒப்பரேஷன் இங்கே ஒரு சதம் கட்டாமல் செய்தார்கள். அதை மறந்துவிட்டு ஊர், மண் என்று பாட்டுப் பாட எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இங்கே ப்ளஃப்ஸ் என்று ஒரு இடம், ஒன்ராறியோ ஏரிக்கரை. அக்கரை தெரியாது, அலையும் அடிக்கும், பார்த்தால் கடல்தான். ஆனால் மூக்குக்கு ஒன்றும் வராது. உப்பும் இல்லை, பாசியும் இல்லை, கருவாடும் இல்லை. கோடையில் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போவார்கள், எனக்குப் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போக வேண்டும் போல வந்துவிடும்.

உப்புவெளி ரிசப்ஷன்:

மாமி, மூன்று மாதத்துக்கு ஒரு ஊர் என்று நீங்கள் விதியை உடைத்துவிட்டீர்கள். ஆனால் வெள்ளைக்காரரும் அதைத்தான் செய்கிறார்கள், ஆகவே ஏற்றுக்கொள்கிறேன்.

துருவத்து அண்ணை:

கருவாடு என்றதும் எழுத வந்தேன். திருக்கடலூரில் வளர்ந்தவன். 80களில் நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது, எங்கள் பெடியள் கனபேர் போனோம். கொட் மீனை வெட்டி வெட்டிக் கை மரத்துப் போன ஆட்களில் நானும் ஒருவன். இப்போது த்ரொம்சோவில் இருக்கிறேன்.

மாமிக்கு மணம் வேண்டுமென்றால் லோஃபோடன் தீவுகளுக்கு வரட்டும். மாசி தொடக்கம் வைகாசி வரை கொட் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி மரப்பந்தலில் தொங்கவிடுவார்கள். உப்பே போடுவதில்லை, குளிர்காற்றிலேயே காயும். நல்ல மீன் இத்தாலிக்கு, தலை நைஜீரியாவுக்கு. அந்தக் காற்றில் நின்றால் சல்லிக் கடற்கரையில் மீன்வாடிக்குப் பக்கத்தில் நிற்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஊர் எது என்று கேட்டால், நான் இருக்கும் த்ரொம்சோதான். நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரி நடுப்பகுதி வரை தொடுவானுக்கு மேலே வராது. மத்தியானம் சில மணித்தியாலம் நீலமாக ஒரு வெளிச்சம் மட்டும் இருக்கும். முதல் மாரியில் எனக்கு விசர் பிடித்தது. நித்திரையும் வராது, எழும்பவும் முடியாது. மலைகளைத் தாண்டி ஜனவரி 21 அளவில் சூரியன் மறுபடி தெரியும். அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெளியில் வந்து நிற்பார்கள், பேக்கரியில் உள்ளே ஜாம் வைத்த ஒரு பணிஸ் விற்பார்கள், சூரியப் பணிஸ் என்றே பெயர். கந்தோரில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வருவார்கள். மேகம் மூடி ஒன்றும் தெரியாத வருடமும் உண்டு, அப்போதும் பணிஸ் சாப்பிடுவோம். திருகோணமலையில் சூரியனுக்கு யாராவது பணிஸ் சுட்டோமா?

கச்சான் காத்தான்:

தைப்பொங்கல் என்று ஒன்று இருக்கிறது அண்ணை.

துருவத்து அண்ணை:

ஓம், பிடித்துவிட்டீர்கள். ஆனால் பொங்கலன்று சூரியனைப் பார்த்தவரை விடப் பானையைப் பார்த்தவர்தான் அதிகம்.

நிலாவெளி மச்சான்:

அண்ணை, ஒரு சந்தோஷச் செய்தி. விசாவே தேவையில்லாத ஒரு ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன், அதுவும் உங்கள் பக்கம். ஸ்வால்பார்ட் தீவில் லோங்யர்பீயன். எந்த நாட்டுக்காரனும் போய் இருக்கலாமாம். நான் போகிறேன். பூனையையும் கொண்டு போகிறேன்.

துருவத்து அண்ணை:

தம்பி, ஸ்வால்பார்ட்டுக்கு விசா இல்லை, உண்மை. ஆனால் அங்கே போகும் விமானம் நோர்வேயில் இருந்து ஏறும். நோர்வேக்குள் இறங்க ஷெங்கன் விசா வேண்டும். போனாலும் சொந்தக் காசில் சீவிக்க வேண்டும். 78 பாகை வடக்கு, ஒரு மரம்கூட இல்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் வெள்ளைக் கரடிக்காகத் துவக்கோடு போக வேண்டும். பிள்ளைப்பேறு என்றால் முன்கூட்டியே நோர்வேக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசியாக, அங்கே பூனை வளர்க்கத் தடை. பறவைகளைப் பிடித்துவிடும் என்று.

நிலாவெளி மச்சான்:

பூனைக்கும் விசா இல்லையா? நல்லது, நான் நிலாவெளியிலேயே இருக்கிறேன்.

மூதூர் நானா:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். தோஹாவில் இருந்து எழுதுகிறேன். கட்டட வேலை. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை பத்து மணி தொடக்கம் பின்னேரம் மூன்றரை வரை வெளியில் வேலை செய்விக்கக் கூடாது என்று 2021இல் சட்டம் போட்டார்கள். அந்த நேரம் கேம்பில் கட்டிலில் கிடந்து இதெல்லாம் வாசிப்பதுதான் பொழுதுபோக்கு. காத்தான் தம்பி, கச்சானைத் திட்டாதீர்கள், அதையும் நினைத்து ஏங்கும் ஆள் இங்கே இருக்கிறேன்.

என் ஊர் மூதூர். உலகத்தில் எந்த ஊரும் என்றுதானே கேட்டீர்கள், மூதூரும் உலகத்தில்தான் இருக்கிறது. பாலம் போட முதல் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போக லோஞ்ச் படகுதான். விடிய ஏறினால் கொட்டியாரக் குடாவுக்கு நடுவில் வெளிச்சம் வரும். வலப்பக்கம் கோணேசர் மலை, பின்னால் மகாவலி கடலில் விழும் இடம், தண்ணீர் இரண்டு நிறமாக இருக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு சனம் பஸ்ஸுக்கு மாறிவிட்டது. பாலம் நல்லது, ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஓடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் விசாவும் காசும் பிரச்சினை இல்லை என்றால் நான் லோஞ்சில் போவேன். தம்பலகாமத்து முட்டித் தயிரோடு.

உப்புவெளி ரிசப்ஷன்:

நானா, காசு பிரச்சினை இல்லை என்ற விதி உங்களுக்கும் உண்டு. மூதூரில் இருந்துகொண்டே தோஹாச் சம்பளம். இந்த இழையில் உண்மையாகவே வென்றவர் நீங்கள்தான்.

மூதூர் நானா:

இன்ஷா அல்லாஹ். அந்த விதியை எங்கள் கொம்பனிக்கும் ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள்.

புவியியல் டீச்சர்:

மூதூர் என்றதும் ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் ஞாபகம் வருகிறார். 1659 கடைசியில் புயலில் பாய்மரம் உடைந்த கப்பலைத் திருத்த அவருடைய ஆட்கள் கொட்டியாரக் குடாவில் நங்கூரம் போட்டார்கள். கண்டி ராஜாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏறக்குறைய இருபது வருடம் மலைநாட்டில் தடுப்பில். வீடு கட்டினார், தொப்பி பின்னி விற்றார், நெல் வட்டிக்குக் கொடுத்தார், அப்படியிருந்தும் 1679இல் தப்பி ஓடிவிட்டார்.

இதற்கு நேரெதிர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்தவர் எங்கள் கோணேசர் மலைக்குக் கீழே சுழியோடிக் கடலுக்குள் கிடந்த பழைய கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டவர்களில் ஒருவர். போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோயில். விண்வெளிப் பயணங்களைப் பற்றி எழுதி உலகம் முழுக்கப் பெயர் எடுத்த ஆள், எங்கேயும் போய் இருந்திருக்கலாம். 2008இல் சாகும் வரை இந்த நாட்டிலேயே இருந்தார்.

மான்குட்டி:

ஆனால் கொழும்பில்தானே டீச்சர் வீடு வைத்திருந்தார்? இங்கே சுழியோடிவிட்டு அங்கே போய்ப் படுத்திருக்கிறார்.

புவியியல் டீச்சர்:

அதைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், நீ விடமாட்டாய்.

கொட்டியாரத்தான்:

கனநாளாக வாசிப்பவன், எழுதுவது இல்லை. ஊர் சம்பூர், மூதூருக்குப் பக்கம்.

2006 சித்திரையில் யுத்தத்தால் வெளிக்கிட்டு ஓடினோம். அதன்பிறகு கிளிவெட்டியில் முகாம். காணி பாதுகாப்பு வலயம், பிறகு மின்நிலையம், பிறகு வேறு ஏதோ என்றார்கள். 2015, 2016இல்தான் பகுதி பகுதியாக விட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கக் கூடிய ஊர் ஒன்றுதான், அது முகாமிலிருந்து சைக்கிளில் போகக் கூடிய தூரத்தில் இருந்தது. பெடியனுக்கு வெளிநாட்டுப் படம் உள்ள கலண்டர் கொடுத்தாலும் எங்கள் கிணற்றடியைத்தான் சொல்லிக் காட்டுவேன். போய்ப் பார்த்தபோது கிணறு தூர்ந்து கிடந்தது, வீடு இருந்த இடத்தில் பற்றை. பரவாயில்லை, துப்புரவாக்கிவிட்டோம்.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், திரும்பி வந்து கூரை போட்டு, தென்னம்பிள்ளை வைத்து முடித்தபிறகுதான் வேறு ஊர்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அதற்கு முதல் முடியவில்லை. மனம் போகாது. இப்போது இரவில் போனில் உலகம் முழுக்கச் சுற்றுகிறேன், மனைவி ஏசுகிறாள்.

என் ஊர் ஐஸ்லாந்தில் கிறின்டவீக். மீன்பிடி ஊர், 3,800 பேர் அளவில் இருந்தவர்கள். 2023 நவம்பரில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அடியில் வருகிறது என்று ஒரே இரவில் ஊரையே கிளப்பினார்கள். அந்தச் செய்தியில் ஒரு மனுசி நாயையும் போட்டுக்கொண்டு கார் ஓட்டிப் போவதைப் பார்த்துத்தான் தேடத் தொடங்கினேன். அடுத்த வருடம் பாராளுமன்றத்தில் சட்டம் போட்டு, விற்க விரும்பியவர்களின் வீடுகளை அரசாங்கமே விலைக்கு வாங்கியது. சில மாதத்துக்குள். அதை மறுபடி மறுபடி வாசித்தேன்.

நிலாவெளி மச்சான்:

ஆனால் அண்ணை, அங்கே இருப்பது ஆபத்துதானே? எரிமலைக்குப் பக்கத்தில்.

கொட்டியாரத்தான்:

தெரியும். கிறின்டவீக் இல்லாவிட்டால் அந்த நாட்டில் வேறு ஒரு சின்ன ஊர். அங்கே பத்தில் ஒன்பது வீட்டுக்குச் சூடு நிலத்துக்கு அடியில் இருக்கும் வெந்நீரிலிருந்து வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் சுடுதண்ணீர்த் தடாகம், பின்னேரம் ஊர்ச்சனம் கழுத்தளவு தண்ணீரில் இருந்து ஊர்க்கதை கதைப்பார்களாம். கன்னியாவில் ஏழு கிணறும் ஏழு சூடு என்று வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு, பின்னால் நிற்பவர் "கெதியாகக் குளிங்கோ" என்று சொல்லச் சொல்ல வெளிக்கிட்டு வருவோமே, அதைவிட ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்காபரோ மாமி:

தம்பி, நீங்கள் சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் போனை மூடி வைத்திருந்தேன். நீங்கள் ஐஸ்லாந்துக்கே போங்கள். நல்ல கம்பளிக் காலுறை நான் அனுப்புகிறேன்.

ஆல்ப்ஸ் அடிவாரம்:

எல்லாரும் சொல்லியாகிவிட்டது. கேள்வி கேட்டவர் மட்டும் நடுவராக இருந்துகொண்டு தப்பிக்கிறார். ரிசப்ஷன் தம்பி, டச்சுக்கார அம்மாவுக்கு என்ன பதில்?

உப்புவெளி ரிசப்ஷன்:

சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. சிலி நாட்டில் வல்பறைசோ.

துறைமுகத்தைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகள், எல்லாவற்றிலும் நிறம் நிறமாகத் தகர வீடுகள். செங்குத்தான குன்றுகளில் ஏறப் பழைய காலத்து இழுவைப் பெட்டிகள் உண்டு, முதலாவது 1883இல் போட்டது. 2003இல் பழைய நகரத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு காலத்தில் அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் கப்பல்கள் தென் அமெரிக்காவின் அடிமுனையைச் சுற்றி வந்து இங்கேதான் தண்ணீரும் நிலக்கரியும் ஏற்றும். 1914இல் பனாமாக் கால்வாய் திறந்தது, கப்பல்கள் குறுக்கால் போகத் தொடங்கின, காசும் போய்விட்டது. எனக்கு அந்தச் சரித்திரம் பிடித்திருக்கிறது. எங்கள் துறைமுகத்தை உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகம் என்று எல்லாரும் சொல்வார்கள், பார்த்தால் கப்பல் கொழும்பில் நிற்கும். வல்பறைசோக்காரனிடம் இதைப் பற்றிக் கதைத்தால் அவனுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அது இரண்டாவது காரணம். முதலாவது, பிளாயா அஞ்சா என்று மேற்குப் பக்கம் ஒரு குன்று இருக்கிறது. அங்கே வீடு. ஏனென்றால் நான் பிறந்ததில் இருந்து சூரியன் கடலில் இருந்து எழும்புவதைத்தான் பார்த்திருக்கிறேன். பின்னேரம் உட்துறைமுக வீதியில் நின்றாலும் அது அக்கரை மரங்களுக்குப் பின்னால் போய்விடும். கடலுக்குள் சூரியன் விழுவதை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து பார்க்க வேண்டும், கையில் தேத்தண்ணியோடு. விடியக்காலைச் சூரியனை எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அது எழும்பும் நேரம் நான் காலைச் சாப்பாட்டு மேசைக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பேன்.

மான்குட்டி:

அங்கே கடலில் குளிக்க முடியாது, தெரியுமா? ஹம்போல்ட் நீரோட்டம், தண்ணீர் சில்லென்று இருக்கும். நிலநடுக்கமும் அடிக்கடி.

உப்புவெளி ரிசப்ஷன்:

நான் குளிக்கக் கேட்கவில்லை. பார்க்கத்தான்.

மூதூர் நானா:

தம்பி, பார்க்க மட்டும்தானா? அப்படியென்றால் இரவு பஸ் எடுத்து, வவுனியாவில் இறங்கி மாறி மன்னாருக்குப் போங்கள். மேற்குக் கடல்தான். தலைமன்னார்க் கரையில் நின்றால் நேரே கடலுக்குள்தான் விழும். சிலிக்கு ஏன்?

ஸ்காபரோ மாமி:

நீர்கொழும்பிலும் விழும். என் கலியாணம் முடிந்த கையோடு போய்ப் பார்த்தது.

உப்புவெளி ரிசப்ஷன்:

மன்னாரில் இழுவைப் பெட்டி இல்லை நானா.

மூதூர் நானா:

கழுதை இருக்கிறது.

நிலாவெளி மச்சான்:

பகிடி இல்லாமல் கேட்கிறேன், என் வேன் அடுத்த சனிக்கிழமை சும்மா நிற்கிறது. எட்டுப் பேர் இருக்கலாம். ரிசப்ஷன் தம்பியை ஏற்றிக்கொண்டு போய்ச் சூரியனைக் காட்டிவிட்டு ஞாயிறு திரும்பலாம். டீசல் காசு பிரித்துக் கொடுத்தால் போதும். யார் யார்?

மான்குட்டி:

நானும் என் கூட்டாளிகள் இருவரும். அம்மா கேட்டால் கம்பஸ் சுற்றுலா.

புவியியல் டீச்சர்:

நான் வருகிறேன். ஒரு டீச்சர் வருகிறார் என்று அம்மாவிடம் சொல், அது பொய்யில்லை. சனிக்கிழமை மேகம் இருக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

கச்சான் காத்தான்:

இந்த மாதத்தில் மன்னாரில் சோளகக் காற்று மண்ணை அள்ளி மூஞ்சியில் அடிக்கும். நான் மெடலினிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்.